வள்ளிநாயகியின் ஓம்

புல்மோட்டை தொடங்கித் திருகோணமலைத் துறைமுகம் வரைக்கும் உள்ள கரையில், யார் என்ன சொன்னாலும் எடுத்த எடுப்பில் ‘ஓம்’ என்று ஆமாம் போடாத ஒரேயொரு மனுசி சல்லிக் கிராமத்து வள்ளிநாயகிதான். அறுபத்தொரு வயதாகிறது, இன்னும் ஒருவருக்கும் ஓர் ஓம் இனாமாகக் கொடுத்ததில்லை. கலியாண எழுத்தன்று பதிவாளர், “சம்மதமோ பிள்ளை?” என்று கேட்டபோதுகூட, “எதுக்கு எண்டு விளக்கமாக் கேளுங்கோ” என்றாளாம். பதிவாளர் பேனையை மூடிவைத்து, ஒரு சோடா குடித்து, வியர்வையைத் துடைத்த பிறகுதான் மறுபடி தொடங்கினாராம்.

ஊதிய கதைதான், மறைப்பதற்கில்லை. பதிவாளர் சோடா குடித்தது மட்டும் உண்மை. ஆனாலும் எந்த ஊதலுக்குள்ளும் ஒரு நெத்தலியளவு உண்மை கிடக்கும். வள்ளிநாயகியை எளிதில் கதையால் மடக்க ஏலாது என்பது சல்லிக்கே தெரிந்த விசயம்.

அந்தக் கெட்டித்தனம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. படித்த பள்ளிக்கூடத்தில் அல்ல, கூட்டிய பள்ளிக்கூடத்தில். நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் சிற்றூழியராக இருந்தாள். மணி அடிப்பாள், கடிதக்கட்டைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோவாள், பின்னேரம் மண்டபத்தைக் கூட்டிப் பூட்டுவாள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அதே மண்டபத்தில்தான் விவாதம் பழகுவார்கள். அவர்கள் கதைத்து முடியுமட்டும் விளக்குமாற்றோடு வாசலில் நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. அளவையியல் படிப்பித்த யசோதரா ரீச்சர் கரும்பலகையில் ‘போலிகள்’ என்று தலைப்பிட்டு நீளமாக எழுதிப்போடுவார். நியாயம் போல வேடம் போட்டு வரும் நியாயமில்லாத கதைகளுக்கு அளவையியலில் அதுதான் பெயர். பலகையைத் துடைப்பது வள்ளிநாயகியின் வேலை. துடைக்கும் முன் வாசிப்பது அவளுடைய ஆசை.

பெயர்கள் பெரிதாயிருந்தன, பஸ்ஸில் சாம்பல்தீவு தாண்டுமுன்னம் மறந்துபோயின. ஆகவே தனக்குத் தெரிந்த மீன் பெயர்களை வைத்தாள். “எல்லாரும் செய்யினம், நீங்களும் செய்யுங்கோ” என்பது சூடை. ஒன்று திரும்பினால் கூட்டமே திரும்புமே, அதனால். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் வேறெதையோ அள்ளித் தெளித்துத் தப்புவது கணவாய், மை விட்டு ஓடுவதால். கருத்தை விட்டுவிட்டு ஆளைக் குத்துவது திருக்கை, விசம் வாலில் இருப்பதால். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. சல்லிக் கரையில் அவளோடு கருவாடு போடும் நாலு பெண்களுக்கும், வாரத்துக்கு இரண்டு முறை நகரத்திலிருந்து கருவாடு எடுக்க வரும் பரீதாவுக்கும் மட்டுமே தெரியும்.

பரீதா வியாபாரி. வியாபாரத்துக்குக் காது வேண்டும், அவருக்கு அது இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருந்தது. இருவரும் சேர்ந்தால் பஸ்ஸில் மருந்து விற்பவன், தேர்தலுக்கு வோட்டுக் கேட்பவர், கலியாணத் தரகர் எவருமே மீன் பெயர் வாங்காமல் தப்ப மாட்டார்கள்.

போன வருடம் வள்ளிநாயகி ஓய்வு பெற்றாள். அதுவரை விடுமுறைக்கு மட்டும் போட்ட கருவாட்டை இனி முழுநாளும் போடலாம் என்று அவளுக்குப் பெரிய சந்தோசம். வள்ளங்கள் இழுத்துவிடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தாழம்பத்தைப் புதருக்கு இந்தப் பக்கம், மேடான மணல் ஒரு துண்டு இருக்கிறது. காலை தொடங்கிப் பொழுதுபடும் வரை அங்கே நிழல் விழாது. மாரியிலும் தண்ணீர் நிற்காது. ஐந்து பெண்கள் கிடுகு விரித்துக் கட்டாவும் சூடையும் காயப்போடுவது அங்கேதான். அந்த மணலைத்தான் ரிஷிகேசன் கேட்டு வந்தார்.

ரிஷிகேசன் உப்புவெளிக்காரர், நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் காணியில் வரப்போகிற புதிய விடுதி ஒன்றுக்காகக் கதைக்க வந்தவர். கரை மணல் சங்கத்தின் பாவனையில் இருந்ததால், மதில் கட்ட ஆட்சேபனை இல்லை என்று கடற்றொழிலாளர் சங்கம் ஒரு கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். வள்ளிநாயகி முன் வரிசைக் கதிரையில். அவளுடைய மனுசன் கதிரவேல் இரண்டு வரிசை பின்னால். பரீதா சங்க உறுப்பினர் அல்ல, ஆகவே யன்னலுக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்தார். செயலாளர் லதீசன் கொப்பியும் பேனையுமாக மேசையில்.

ரிஷிகேசனின் பேச்சு அருமையான பேச்சு. அதைக் குறைத்துச் சொல்வது பாவம்.

“நானும் இந்தக் கரைப் பிள்ளைதான். என்ர அப்பாவும் கரைவலை இழுத்தவர். உங்கட கஷ்டம் எனக்குத் தெரியுந்தானே?”

“ஓம், ஓம்,” என்றது சபை.

“இந்தக் காத்து உங்கட காத்து. இந்தக் கடல் உங்கட கடல். இனி வாற காலமும் உங்கட காலம்.”

மூன்று தரம் அடித்தால் அது மணியடி என்பது இருபத்தாறு வருடம் மணியடித்தவளுக்குத் தெரியாதா? முதல் அடிக்குப் பிள்ளைகள் தலை நிமிர்த்தும், மூன்றாம் அடிக்குத்தான் எழும்பும். “நல்லா அடிக்கிறான்,” என்று யன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்.

“நிலாவெளி முன்னேறிட்டுது, உப்புவெளி முன்னேறிட்டுது. எல்லாக் கரையும் மாறேக்க நாங்கள் மட்டும் இப்பிடியே இருக்கிறதோ?”

“சூடை,” என்றார் பரீதா யன்னலால்.

“ஓம், சூடைதான். நல்ல கொழுத்த சூடை,” என்றாள் வள்ளிநாயகி.

கதிரவேல் எழும்பி, வலைக்குப் போக வழி விடுவீர்களா என்று கேட்டார். ரிஷிகேசன் சிரித்த முகத்தோடு பிள்ளைகள் விளையாட ஊஞ்சல் போடப்போவதைப் பற்றியும், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருவதன் அவசியத்தைப் பற்றியும் சொன்னார். கதிரவேல் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டார்.

“கணவாய்! மையைப் பாருங்க, மையை!” பரீதாவுக்கு வாங்கில் இருக்கை கொள்ளவில்லை.

“ஒண்டில் முன்னேற்றம், இல்லாட்டி இந்த நாத்தம். இரண்டில எது வேணும் எண்டு யோசியுங்கோ,” என்றார் ரிஷிகேசன்.

இதற்கு அதுவரை பெயர் இருக்கவில்லை. வள்ளிநாயகி ஒரு கணம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் கொடுக்குப் போல விரித்து, “நண்டு,” என்றாள். “இந்தக் கொடுக்குக்குள்ள வா, இல்லாட்டி அந்தக் கொடுக்குக்குள்ள வா. நடுவால போக வழியே இல்லாத மாதிரி.” பரீதா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

இப்படி இரண்டு பேரும் கூடை நிறைய மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் முடிந்தது. வாக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று எல்லோரும் கலைந்தார்கள். வள்ளிநாயகி ஒரு நல்ல விருந்து சாப்பிட்ட திருப்தியோடு கருவாட்டைப் புரட்டப் போனாள்.

புதன்கிழமை லதீசன் சைக்கிளில் கரைக்கு வந்து, தான் எழுதிய கூட்ட அறிக்கையைக் காட்டினான். அவனுக்குக் கையெழுத்து நல்ல உறுப்பு, அச்சடித்த மாதிரி இருக்கும்; அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க மாட்டான். வள்ளிநாயகி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள். ‘விடுதியின் மதில் தாழம்பத்தைக்கு இப்பால், கரை மணலையும் உள்ளடக்கி அமைவதற்குச் சபையோர் ஏகமனதாக ஓம் என்று சம்மதித்தனர்.’

“ஆர் சம்மதிச்சது?”

“எல்லாரும்தான் மாமி. அவர் கேக்கக் கேக்க ஓம் ஓம் எண்டீங்கள். கேட்டதைத்தான் எழுதினனான்.”

“மதிலைப்பற்றி எப்ப கேட்டவர்?”

“கடைசியா. ‘பிள்ளைகள் படிக்கவேணும்தானே’ எண்டார், ஓம் எண்டீங்கள். ‘ஊர் துப்புரவா இருக்கவேணும்தானே’ எண்டார், அதுக்கும் ஓம். ‘அப்ப மதில் தாழம்பத்தைக்கு இஞ்சால வரட்டும்தானே’ எண்டார். ஓம்.” அவன் கொப்பியை மூடினான். “வாற ஞாயிறு இதை வாசிச்சு, ஒருத்தர் பிரேரிச்சு, ஒருத்தர் ஆமோதிச்சால் சரி. தலைவர் கடிதத்தில கையெழுத்து வைப்பார்.”

வள்ளிநாயகி மணலில் இருந்துவிட்டாள். மீன்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தவள், வலை வளைந்து வந்ததைக் காணவில்லை. அவ்வளவு நேரமும் அவள் அந்த வலையின் மடிக்குள், மீன் சேரும் பைக்குள்தான் இருந்திருக்கிறாள். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. மணல் போனால் மற்ற நாலு பேரும் எங்கே கிடுகு விரிப்பார்கள்? தான் எங்கே விரிப்பாள்?

அன்று மத்தியானம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே புலம்பினாள். கதிரவேல் கதவு நிலையில் சாய்ந்து ஒரு கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “கூரைத் தகரம் காத்துக்கு அடிக்குது, அதுக்கு ஆணி அடிக்கவேணும்.” “ஓம்.” “தண்ணி வாளி ஓட்டை.” “ஓம்.” “மணல் போகப்போகுது.” “ஓம்.” “நான் இந்தக் கத்தியால என்ர கழுத்தை வெட்டப்போறன்.” “ஓம், ஓம்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “இப்ப என்ன எண்டு ஓம் சொன்னீங்கள்?”

கதிரவேல் முடிச்சிலிருந்து தலையெடுத்தார். “என்ன கேட்டனீ? காது கேக்குது எண்டு சொன்னனான். நீ கதைக்கேக்க நான் சும்மா இருந்தால் அதுக்கும் ஏசுவாய்.”

அவள் சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு சட்டியில் மீன் குதிக்குமளவுக்கு. முப்பத்தேழு வருடமாக இந்த மனுசன் சொன்ன ஓம்கள் எல்லாம் வரிசையாக அவளுடைய கண்முன் வந்து நின்றன. தகரம் இன்னும் அடிக்கிறது, வாளி இன்னும் ஒழுகுகிறது. சம்மதம் என்ற ஓம் வேறு, கேட்கிறது என்ற ஓம் வேறு. ஒரே சொல்லை ஓர் இடத்தில் ஒரு பொருளில் வாங்கி, இன்னோரிடத்தில் இன்னொரு பொருளில் விற்பதற்கும் யசோதரா ரீச்சரின் பலகையில் ஒரு வரி இருந்ததே! அதைத் துடைத்தது நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. லதீசன் அறிக்கையை வாசித்து முடித்து, “திருத்தம் உண்டா?” என்றான். வள்ளிநாயகி எழும்பினாள். வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள்தான். ஆனால் அத்தனை முகங்களையும் ஒன்றாகக் கண்டதும் நாக்கு தன் பாட்டுக்குப் போயிற்று.

“கடற்கரைக்குச் சப்பாத்துப் போட்டு வாற மனுசனுக்கு மணலைப்பற்றி என்ன தெரியும்?”

சபை சிரித்தது. ரிஷிகேசன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். யன்னலில் பரீதா சிரிக்கவில்லை. ஒரு விரலை நீட்டி வால் போல ஆட்டிக் காட்டினார். திருக்கை! தன் வாயிலிருந்தே வந்த திருக்கை! வள்ளிநாயகிக்கு முகம் சூடேறியது. உடனே, கரைவலையின் மற்றக் கயிற்றைப் பிடிப்பதுபோல, சபையின் மனத்தைப் பிடித்து இழுத்தாள்.

“அந்த மணல் இல்லாட்டி ஐஞ்சு குடும்பமும் செத்துப்போகும்...”

“மாமி, உங்களுக்குப் பென்சன் வருகுதே,” என்றான் லதீசன் அப்பாவியாக. இந்த முறை சபை அவளைப் பார்த்துச் சிரித்தது. பொய்யாக ஊதியது பேத்தை மீன் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஊதியதைக் குத்திவிட்டால் மிஞ்சுவது முள் மட்டும்தான்.

அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். கரைவலைக்கு இரண்டு கயிறு. ஒரு பக்கம் பேசுகிறவர்மேல் உள்ள நம்பிக்கை, மறுபக்கம் கேட்கிறவரின் மனம். இரண்டையும் இழுக்கலாம், இழுக்கத்தான் வேண்டும். ஆனால் நடுவில் மடி என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நியாயம். மடி இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் கரைக்கு வருவது வெறும் தண்ணீர். இவ்வளவு நேரமும் அவள் மடியில்லாத வலையைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“சப்பாத்துக் கதைக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி,” என்றாள் ரிஷிகேசனைப் பார்த்து. “அது என்ர வாய்க்கொழுப்பு. உங்களோட ஒரு கதை கதைக்கட்டே?”

“ஓம் அம்மா, சொல்லுங்கோ.” நல்லவர், பெரியவர்களிடம் மரியாதையான ஆள்.

“என்ர ஐயா காலத்தில இந்தக் கரையில ஒரு திருக்கை பிடிபட்டது தம்பி.”

“ஓம்.”

“சின்னத் திருக்கை இல்லை. தலையைச் சாம்பல்தீவில வைச்சால் வால் உப்புவெளியில கிடக்கும்.”

“ஓம், ஓம்,” என்றார் சிரித்துக்கொண்டு.

“வால் உங்கட ஊரில கிடந்தபடியால் உங்கட ஆக்கள் அது தங்கட எண்டு சண்டைக்கு வந்தவை.”

“ஓம்.” சபை குலுங்கியது. கதிரவேல் கூடக் கையோடு கொண்டுவந்த கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டார்.

“சண்டை முடிஞ்சு அதைக் காயப்போட மணல் வேணுமே?”

“ஓம்.”

“மணலுக்கு வெயில் வேணும்.”

“ஓம்.”

“வெயிலை ஒரு மதில் மறைச்சால் மீன் புழுத்துப்போம்.”

“ஓம் அம்மா.”

“அதாலதான் உங்கட மதிலைத் தாழம்பத்தைக்கு அங்கால கட்டி, வள்ளத்துக்கும் வழி விடுறீங்கள்.”

“ஓம்...”

“எழுதும் லதீசன்!” என்றாள் வள்ளிநாயகி. மணியடித்த கையை மேசையில் ஓங்கி அடித்தாள். “இந்த ஐயா ஏகமனதா ஓம் எண்டு சம்மதிச்சிட்டார்.”

ரிஷிகேசன் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். “பொறுங்கோ, பொறுங்கோ! நான் எப்ப சம்மதிச்சனான்? நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதானே ஓம் சொன்னனான்!”

“அதைத்தான் தம்பி,” என்றாள் அவள், இப்போது குரலைத் தாழ்த்தி, “போன கிழமை நாங்களும் சொன்னனாங்கள்.”

முதலில் சிரித்தது தலைவர். பிறகு பின்வரிசை. கடைசியில், காது சிவக்க, ரிஷிகேசன். அவரும் இந்தக் கரையில் பிறந்து, இதே ஓமைச் சொல்லி வளர்ந்தவர். “என்னை என்ர வலைக்குள்ளயே போட்டிட்டீங்கள்,” என்றார்.

“உங்கட வலை நல்ல வலைதான். கேள்வியைத்தான் ஒவ்வொண்டாக் கேக்கவேணும். மதிலைப்பற்றிக் கேக்கிறதெண்டால் மதிலைப்பற்றி மட்டும் கேளுங்கோ, கையை உயர்த்திச் சொல்லுறம். இன்னுமொண்டு. முன்னேற்றம் இல்லாட்டி நாத்தம் எண்டு இரண்டு கதவு மட்டும் காட்டினீங்கள். மதில் பத்தைக்கு அங்கால, கருவாடு இஞ்சால. மூண்டாவது கதவு இது. ஏன் ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

இது மடியுள்ள வலை. ரிஷிகேசன் தன் வரைபடத்தை மேசையில் விரித்தார். அவரும் தலைவரும் கதிரவேலும் குனிந்து பார்த்தார்கள். கதிரவேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். பத்தைக்கு அப்பால் தள்ளினால் விடுதிக்குப் பத்தடி குறையும், அவ்வளவுதான். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் ரிஷிகேசன். வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தார். அந்த நேரத்துக்குள் பரீதா யன்னலைப் பிடித்தபடி எத்தனை தடவை விரல் கடித்தார் என்பது கணக்கில்லை.

“கருவாட்டை விடுதிச் சாப்பாட்டுக்குத் தருவீங்களோ எண்டு கேக்கிறார்,” என்றார் திரும்பி வந்து. “மதில் அங்கால போகலாமாம்.”

கையை உயர்த்தச் சொன்னார்கள். முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள், முப்பத்திரண்டு கை எழும்பியது. கதிரவேல் இரண்டு கையையும் உயர்த்தி, ஒன்றை இறக்கும்படி லதீசனிடம் ஏச்சு வாங்கினார். போகும்போது ரிஷிகேசன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணல் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க ஒரு தடவை வெறுங்காலோடு நடந்தார். சுட்டது. ஓடினார்.

மாதம் கழிந்து வந்த கூட்டத்தில் லதீசன் புதிய அறிக்கையை வாசித்தான். முதல் நாள் பின்னேரமே வள்ளிநாயகி அவனுடைய வீட்டுக்குப் போய், எந்த வசனம் எப்படி வரவேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தாள். அவனும் மாமியின் சொல்லைத் தட்டாமல், நல்ல உறுப்பான எழுத்தில் எழுதியிருந்தான்.

“‘முன்னைய கூட்டத்தில் சபையோர் சொன்ன ஓம், செவிமடுத்ததைக் குறித்த ஓமே அன்றிச் சம்மதத்தைக் குறித்தது அன்று என்பது திருமதி வள்ளிநாயகி கதிரவேல் அவர்களால் எடுத்துக்காட்டப்பட்டது. அவர் ஒருவரே அன்று எந்தக் கேள்விக்கும் ஓம் சொல்லாதிருந்தவர் ஆவார்.’” லதீசன் தலை நிமிர்ந்தான். “திருத்தம் உண்டா?”

வள்ளிநாயகி முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, படம் எடுக்க இருப்பவள் போல நேராக இருந்தாள்.

“உண்டு,” என்றது யன்னல்.

“பரீதா, நீ சங்கத்து ஆள் இல்லை!”

“ஆள் இல்லாட்டியும் காது இரிக்கி வள்ளியக்கா. தம்பி, எழுதுங்க. அண்டைக்கு முதலாவது ஓம் சொன்னதே இவங்கதான். சூடையில ஒண்டு, நண்டில ரெண்டு, மதிலுக்குக் கடைசியாச் சொன்ன ஓமும் இவங்கடதான். நான் விரல் விட்டு எண்ணினேன். மொத்தம் பதினேழு.”